கேசரி கிண்டிய பிறகு படித்த ரிப்போர்ட்

அக்கா வீட்டுக்கு நான் போனது அவள் பேரனின் காதுகுத்துக்கு. பந்தி எல்லாம் ஓய்ந்து, அடுப்படியில் இரண்டு பேரும் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அவள் சாதாரணமாகச் சொன்னாள், "மாருல ஒரு கட்டி இருந்துச்சுடி, ஊசி போட்டு டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க, அன்னைக்குக் கேசரி கூடக் கிண்டினேன்." எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பாத்தாலஜி லேபில் 22 வருடமாக டெக்னீஷியனாக இருப்பவள் நான். ஊரில் யார் யாருடைய ஸ்லைடுக்கோ சாயம் போட்டுக் கொடுக்கிறேன், கூடப் பிறந்தவளுக்குக் கட்டி வந்து, ஊசி போட்டு, ரிப்போர்ட் வந்து, கேசரியும் தின்று தீர்த்து, ஏழு வாரம் கழித்து எனக்குத் தெரிகிறது. ஏன் சொல்லவில்லை என்றால், "நீ பயந்துருவே" என்கிறாள்.

ரிப்போர்ட்டைக் கொண்டு வரச் சொன்னேன். பீரோவில் ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருந்தாள். நான்கே வரி. ஸ்மியரில், அதாவது ஊசியில் வந்ததைப் பரப்பிய ஸ்லைடில், செல்கள் மிகக் குறைவு (ஆங்கிலத்தில் "ஹைப்போசெல்லுலர்" என்று போட்டிருந்தது), ரத்தம் கலந்த பின்னணியில் அங்கங்கே சில டக்டல் செல்கள், அதாவது பால்குழாய்ச் செல்கள், பார்த்த ஸ்மியர்களில் புற்றணு எதுவும் இல்லை, நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். இந்த நான்கில் மூன்றாவது வரியை மட்டும்தான் அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். முதல் வரியையும் நான்காவது வரியையும் படித்திருந்தால் அன்றைக்கு யாரும் ரவை வறுத்திருக்க மாட்டார்கள்.

கிணற்றில் வாளியை விட்டு இழுக்கிறோம், வெறும் வாளி வருகிறது. கிணறு வறண்டு போச்சா, கயிறு எட்டவில்லையா? "செல்கள் மிகக் குறைவு" என்று வரும் ஊசி ரிப்போர்ட் அந்த வெறும் வாளி மாதிரிதான். கட்டிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு "இது நல்ல கட்டி" என்று சொல்வது ஒன்று. பார்க்கவே போதுமான செல் கிடைக்காமல், கிடைத்த நாலு செல்லில் கெட்டது எதுவும் இல்லை என்று சொல்வது வேறு. செல்களைப் பார்த்து நோய் சொல்லும் சைட்டாலஜியில் இதற்கென்றே தனி வகை இருக்கிறது. 2020இல் புத்தகமாக வந்த யோகோஹாமா முறையில் மார்பு ஊசிப் பரிசோதனைக்கு ஐந்து வகைகள்: போதாது, தீங்கற்றது, இயல்பு மாறியது, சந்தேகத்துக்குரியது, புற்று. "போதாது" என்பதும் "தீங்கற்றது" என்பதும் தனித்தனி. அக்காவின் ரிப்போர்ட்டில் வகையே போடவில்லை. விவரத்தைப் படித்தால் "போதாது" பக்கம்தான் சாய்கிறது, கேட்டவர்கள் காதில் "தீங்கற்றது" என்று விழுந்திருக்கிறது.

"ஸ்கேன் எடுத்தாங்களா அக்கா?"

"இல்லடி, கையால அமுக்கிப் பாத்துட்டு அங்கனயே குத்துனாரு. ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருச்சு."

அந்த நர்சிங் ஹோமைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சின்ன ஊர், பக்கத்தில் மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே கிடையாது, அந்த டாக்டர் கட்டி என்று வந்தவளை மாத்திரை கொடுத்து அனுப்பாமல் ஊசியாவது போட்டுப் பார்த்தாரே. ஆனால் வரிசை தப்பு. முதலில் கையால் பரிசோதனை, பிறகு படம், அதற்கப்புறம்தான் ஊசி. ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கட்டும், அதற்குப் பிறகு படம் எடுத்தால் எது கட்டி, எது ரத்தக்கட்டு என்று குழப்பும். அதைவிட முக்கியம், இந்த மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். கைக்கு நழுவி ஓடுகிற உருண்டை, ஸ்கேனில் வழவழப்பான ஓரம், ஊசியில் ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டி என்றால் மூன்றும் பொருந்துகிறது, நிம்மதியாகத் தூங்கலாம். கைக்குக் கல்லு மாதிரி இருக்கிறது, படத்தில் ஓரம் முள்ளு முள்ளாக இருக்கிறது, ஊசி மட்டும் "ஒன்றுமில்லை" என்றால் நம்ப வேண்டியது ஊசியை அல்ல.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு நானே தொட்டுப் பார்த்தேன். இடது மார்பின் மேல்புறம், அக்குள் பக்கமாக. உருண்டையாகவே இல்லை. சப்பாத்தி மாவில் ஒரு இடம் மட்டும் காய்ந்து தடித்துப் போயிருக்குமே, அப்படி.

மறுவாரம் மதுரைக்கு வரச்சொல்லி மேமோகிராமும் மார்பு அல்ட்ராசவுண்டும் எடுத்தோம். 18 மில்லிமீட்டர், ஓரம் ஒழுங்கில்லை, பைராட்ஸ் 4சி. படத்தைப் பார்த்துப் புற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று குறிக்கும் எண்தான் பைராட்ஸ். ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்கும் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்த்தால் போதும். 4ஏ என்றால் 2 முதல் 10 வரை, 4பி 10 முதல் 50 வரை, 4சி 50 முதல் 95 வரை, 5 என்றால் அதற்கும் மேல். 4 என்று பார்த்தாலே எல்லோரும் ஒரே மாதிரி அழுகிறார்கள், 4ஏவுக்கும் 4சிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை யாராவது அவர்களிடம் சொன்னால் பாதிப் பேர் அன்றைக்கு ஒரு வாய் சோறாவது சாப்பிடுவார்கள்.

ரேடியாலஜிஸ்ட் "ட்ரூகட் எடுத்துரலாம்" என்றார், அதாவது தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுப்பது. அத்தான் அங்கேயே மறுத்துவிட்டார். "ஏற்கெனவே ஒருவாட்டி குத்தியாச்சு. இன்னொருவாட்டி குத்துனா உள்ள பரவிரும்மா, எங்க சித்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தாங்க." எங்கள் பக்கம் இந்தப் பயம் இல்லாத வீடு கிடையாது, கட்டியைக் கலைக்கக் கூடாது என்பார்கள். இதை முழுப் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. ஊசி போன தடத்தில் சில செல்கள் நகர்ந்து கிடப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அப்படி நகர்ந்தவை பெரும்பாலும் அங்கேயே செத்துப் போகின்றன. ஊசி போட்டதால்தான் நோய் திரும்ப வந்தது, ஆயுள் குறைந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, உலகம் முழுக்க இன்று அறுவைக்கு முன் ஊசியால்தான் உறுதி செய்கிறார்கள். இந்த வியாக்கியானம் எல்லாம் அத்தானிடம் எடுபடவில்லை. கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான். "அத்தான், ஒங்க சித்திக்கு ஊசி போடும்போது கட்டி எந்த சைஸ்ல இருந்துச்சு?" எலுமிச்சம்பழத்தை விடப் பெரிதாக இருந்ததாம், புண்ணாகியும் இருந்ததாம். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார், அப்புறம் "சரி, எடுக்கச் சொல்லும்மா" என்றார்.

இரண்டு ஊசிக்கும் வித்தியாசம் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஃப்.என்.ஏ.சி., அதாவது அக்காவுக்கு முதலில் போட்டது, ரத்தம் எடுக்கும் ஊசி மாதிரி மெல்லியது, பெரும்பாலும் 23 கேஜ், அதாவது அரை மில்லிமீட்டரை விடச் சற்றே தடிமன். கட்டிக்குள் விட்டு முன்னும் பின்னும் அசைத்தால் செல்கள் உதிர்ந்து ஊசிக்குள் ஏறும், அதை ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்து இன்னொரு ஸ்லைடால் இழுத்துப் பரப்புவோம். சிலதை ஆல்கஹாலில் போடுவோம், சிலதைக் காற்றில் காயவிடுவோம். இந்த இழுப்பில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அழுத்தி இழுத்தால் செல் நசுங்கும், தடிமனாக விட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், ஆல்கஹாலில் போட அரை நிமிடம் தாமதித்தாலும் காய்ந்து வீங்கிப் போகும். அப்புறம் அதைப் பார்த்துச் சொல்பவர் கடவுளாக இருந்தாலும் கஷ்டம்தான். பக்கத்திலேயே ஒருவர் நின்று, ஒரு ஸ்லைடை உடனே சாயம் போட்டு "போதுமான செல் இருக்கு" என்று சொன்ன பிறகு நோயாளியை அனுப்பும் இடங்களில் "போதாது" ரிப்போர்ட் குறைவாக வருவதை நான் வேலை பார்த்த இரண்டு லேபிலுமே கண்டிருக்கிறேன்.

ட்ரூகட், கோர் பயாப்ஸி என்பது 14 கேஜ் ஊசி. எண் குறையக் குறைய ஊசி தடிக்கும், இது சுமார் 2 மில்லிமீட்டர். இதில் வருவது உதிரிச் செல் கிடையாது, நூல் மாதிரி ஒரு துண்டுச் சதை. எஃப்.என்.ஏ.சி. கொடுப்பது இடிந்த வீட்டின் செங்கல், கோர் கொடுப்பது சுவரோடு சேர்ந்த ஒரு மூலை. செங்கல்லைப் பார்த்து அது நல்ல செங்கலா என்று சொல்லலாம், சுவர் உடைந்து வெளியே சரிந்ததா என்று சொல்ல முடியாது. புற்று பால்குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, குழாயைத் தாண்டிவிட்டதா என்று தெரிய அந்தச் சுவர் வேண்டும். எந்த மருந்து எடுபடும் என்று சொல்லும் ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் பரிசோதனைகளுக்கும் ஹெர்2 புரதப் பரிசோதனைக்கும் அந்தச் சதைதான் வசதி.

துல்லியம் பற்றி ஒரு கணக்கு மட்டும். 2014இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே எடுத்த கோர் பயாப்ஸி 100 புற்றில் சுமார் 99ஐக் கண்டுபிடித்தது, அதே கோர் பயாப்ஸியைக் கையால் தொட்டு மட்டும் எடுத்தபோது 91. கவனியுங்கள், இரண்டிலும் தடித்த ஊசிதான். ஊசி எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்ததும் பார்க்காததும்தான் அந்த எட்டுப் பேர். எஃப்.என்.ஏ.சி.க்கு இப்படி ஒரே எண்ணைச் சொல்வதை நான் நம்புவதில்லை. எடுப்பவர் கை, இழுப்பவர் கை, படிப்பவர் கண் என்று மூன்றையும் பொறுத்து ஊருக்கு ஊர் அது மாறும்.

அக்காவுக்கு எடுத்த அன்று என்னை உள்ளே விட்டார்கள். மரத்துப்போக ஊசி போடும்போதுதான் முகத்தைச் சுளித்தாள். பிளேடு நுனியால் தோலில் ஒரு சின்னக் கீறல், அதன் வழியாக ஊசி. டாக்டர் முதலில் வெறுமனே ஒருதடவை அழுத்தி "டக்"கென்ற சத்தத்தைக் கேட்க வைத்தார், "இந்தச் சத்தம்தான் வரும், பதறி அசையாதீங்கம்மா" என்று. தீபாவளிப் பொட்டுவெடித் துப்பாக்கி சத்தம்தான். இந்த ஸ்பிரிங் துப்பாக்கியை 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ரேடியாலஜிஸ்ட் பெர்-குன்னார் லிண்ட்கிரென். அதற்கு முன்பெல்லாம் புற்றா என்று உறுதி செய்யவே பல சமயம் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருந்தது. திரையில் சாம்பல் நிறக் கட்டிக்குள் வெள்ளைக் கோடாக ஊசி போய் நிற்பதைப் பார்த்தேன். ஐந்து தடவை "டக்". வெள்ளையாக மெல்லிசான ஐந்து நூல்கள், சேமியாத் துண்டு மாதிரி. சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டதும் நாலு அடியில் போய்ப் படுத்தன, ஒன்று மட்டும் மிதந்தது. மிதப்பது பெரும்பாலும் கொழுப்பு. மூழ்கியதைப் பார்த்ததும் லேப்காரியாக எனக்குத் திருப்தி, தங்கச்சியாக வயிற்றைப் பிசைந்தது.

அந்த பாட்டிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் சதைத் துண்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்து "லேப்ல குடுத்துருங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமை வாங்கிய பாட்டிலைத் திங்கட்கிழமை எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தார், உள்ளே இருந்தது சலைன், வெறும் உப்புத் தண்ணீர். சதை கூழாகிவிட்டது, அந்தப் பாட்டிக்கு மறுபடி குத்த வேண்டியதாயிற்று. இன்னொருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இறைச்சியை அங்கேதானே வைக்கிறோம். பாட்டிலில் இருப்பது ஃபார்மலின்தானா, சதை நன்றாக மூழ்கியிருக்கிறதா, பெயர், வயது, இடதா வலதா, எடுத்த நேரம் எழுதியிருக்கிறதா என்று கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஹார்மோன், ஹெர்2 சோதனைக்கு ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் ஊற வேண்டும் என்பது விதி. சனி, ஞாயிறு குறுக்கே வந்தால் கெட்டுப் போவது அந்தச் சோதனைதான். சாம்பிளோடு ஸ்கேன் ரிப்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். எங்களுக்கு வரும் படிவங்களில் பாதிக்கு மேல் "மார்புக் கட்டி, இடது" என்று இரண்டு வார்த்தைதான் இருக்கும். 4சி என்று தெரிந்து பார்க்கும் பாத்தாலஜிஸ்ட் கிடைத்ததை வைத்துச் சமாதானமாக மாட்டார், ஆழமாக இன்னும் இரண்டு செக்‌ஷன் வெட்டச் சொல்வார்.

எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தோம், ஐஸ் வைத்தோம், அன்றைக்கு ராத்திரியும் இறுக்கமான பாடியோடு தூங்கச் சொன்னார்கள். இரண்டு நாள் குடம் தூக்கக் கூடாது. ஒரு கை அகலத்துக்குப் பச்சையும் நீலமுமாகக் கன்றிப் போய் பத்து நாளில் மறைந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்திவிடக் கூடாது.

ஆறாம் நாள் ரிப்போர்ட். ஊடுருவிய லோபுலார் கார்சினோமா, புற்றில் ஒரு ரகம். அதைப் படித்ததும் முதல் ரிப்போர்ட் ஏன் அப்படி வந்தது என்று புரிந்துவிட்டது. மார்புப் புற்றில் பத்தில் ஒன்றுதான் இந்த ரகம், கொஞ்சம் கூடலாம். இதன் செல்கள் சின்னது, கூட்டமாகச் சேராமல் எறும்பு வரிசை மாதிரி நார்ச்சதைக்குள் ஊர்ந்து போகும். மெல்லிய ஊசிக்கு நார் பிடி கொடுக்காது, வருகிற நாலு செல்லும் சாதுவாகத்தான் தெரியும். அதனால்தான் கைக்கும் உருண்டையாகத் தட்டவில்லை. ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தார்கள், அக்குளில் முதலில் பரவக்கூடிய நெறிக்கட்டிகளில் புற்று இல்லை, கதிர்வீச்சு கொடுத்தார்கள், இப்போது தினம் ஒரு லெட்ரோசோல், ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை. முதல் ரிப்போர்ட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் போனது ஒன்பது வாரம். அந்த ஒன்பது வாரத்தில் என்ன வளர்ந்திருக்கும் என்று கணக்குப் போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு எஃப்.என்.ஏ.சி.யே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள், எனக்குச் சோறு போட்ட ஸ்லைடு அது. நீர்க்கட்டி, சீழ்க்கட்டி, அக்குள் நெறிக்கட்டி என்றால் பெரும்பாலும் அதுவே போதும். எங்கள் பக்கம் காசநோய் மார்பிலும் வரும், பால் கொடுத்து முடித்த இளம் பெண்களுக்கு வரும் கிரானுலோமா அழற்சி கைக்கும் படத்துக்கும் அப்படியே புற்று மாதிரி மிரட்டும், அதற்கான தடயத்தை ஒரே நாளில் எஃப்.என்.ஏ.சி. காட்டிக் கொடுத்துப் பல குடும்பங்கள் அழுகையை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். கோர் பயாப்ஸியும் தெய்வவாக்கு கிடையாது. இயல்பு மாறிய செல்வளர்ச்சி, பாப்பிலோமா, ஃபைலாய்ட்ஸ் சந்தேகம் என்று நடுவாந்தரமாக வந்தால் பக்கத்தில் இன்னும் மோசமானது இருக்கலாம், முழுதாக எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கட்டியே இல்லாமல் மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் பிடிபடாது, மேமோகிராம் வழிகாட்டுதலில் சதையை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் ஊசி வேண்டும். எடுத்த சதையையே எக்ஸ்ரே எடுத்து அந்தப் புள்ளிகள் அதில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். எங்கள் லேபில் கூட வேலை பார்ப்பவரின் அக்காவுக்கு அப்படி எடுத்து, புள்ளி வராத சதையை வைத்து "ஒன்றுமில்லை" என்று வர, ரேடியாலஜிஸ்ட்டே கூப்பிட்டு மறுபடி எடுத்தார். அப்படிப்பட்ட டாக்டர் கிடைத்தால் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம்.

சந்தேகம் இருந்தால் வேறு இடத்தில் கருத்துக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிகிறது, எதைக் கொண்டு போக வேண்டும் என்பது தெரியவில்லை. ரிப்போர்ட் தாளை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் அவர் என்ன செய்வார், தாளைத்தான் படிப்பார். ஸ்லைடையும், சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள், எழுதிக் கொடுத்தால் தருவார்கள். ஒரு குழந்தை விரல் நகம் அளவு மெழுகுக்குள்தான் உங்கள் கட்டியின் ஜாதகம் இருக்கிறது.

போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள். எதிர்வீட்டுப் பொண்ணுக்குக் கட்டியாம், ஊசி போட்டு ரிப்போர்ட் வந்திருக்கிறதாம், எல்லோரும் ஒன்றுமில்லை என்கிறார்களாம். அக்கா எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். "எச், ஒய், பி, ஓ... ஏண்டி, எனக்குப் போட்டிருந்தது இதே எழுத்துதானே?"

"அதேதான். ஸ்கேன் எடுத்தாச்சான்னு கேளு."

போனைக் கீழே வைக்காமலே எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.